பூட்டு விழுவதற்கு முன்னால்

(கோவையில் சிறு, குறுந்தொழில் முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரம் முழுக்க லேத்துக்கும் லோடுக்கும் நடுவில் ஓடிவிட்டு, கிடைக்கிற ஒரே ஓய்வு நாளை இந்த அரங்கத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய பொருள் ரான்சம்வேர். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கும் நச்சு நிரல். அது எப்படி உள்ளே வருகிறது, வந்துவிட்டால் எப்படி அகற்றுவது என்று பேசச் சொன்னார்கள். இரண்டையும் பேசுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அகற்றுவது எளிது. ஒரு நல்ல ஆன்டிவைரஸ் அதைப் பெரும்பாலும் அகற்றிவிடும். அகற்றிய பிறகும் ஃபைல்கள் பூட்டியபடியேதான் கிடக்கும்! இது தெரியாமல்தான் பல பேர், வைரஸைத் துரத்தினால் கணக்கு திரும்பி வந்துவிடும் என்று நம்பி ஃபார்மட் அடிக்கிறார்கள். அடித்த பிறகு, இருந்த கொஞ்ச வாய்ப்பும் போய்விடுகிறது.

நம் ஊரில் கம்ப்யூட்டருக்குள் என்னதான் இருக்கிறது? பீளமேட்டிலும் கணபதியிலும் பம்ப் செய்கிறவரிடம் டிராயிங் இருக்கிறது. ஆவாரம்பாளையத்தில் ஜாப் ஒர்க் எடுப்பவரிடம் சிஎன்சி ப்ரோக்ராம் இருக்கிறது. திருப்பூரில் பையரின் அளவுப் பட்டியலும் காஸ்டிங் ஷீட்டும் இருக்கின்றன. கரூரில் பெட்ஷீட் ஆர்டர், ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் கணக்கு, நாமக்கல்லில் கோழித் தீவனக் கணக்கு. எல்லா இடத்திலும் டேலி என்ற கணக்கு மென்பொருள். பத்துப் பதினைந்து வருஷ வியாபாரம் ஒரே ஒரு ஃபோல்டருக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஃபோல்டர் ஒரு நாள் காலையில் திறக்கவில்லை என்றால்?

"எங்களைப் போய் எவன் தாக்கப் போகிறான், நாங்கள் சின்ன ஆளுங்க" என்று சொல்வார்கள். இந்த வார்த்தையை நான் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போகிற எல்லா இடத்திலும் கேட்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு சம்பவம் சொல்கிறேன். 2021 செப்டம்பரில் நம் தமிழக அரசின் பொதுத் துறைக் கணினிகளை ரான்சம்வேர் பூட்டியது. முக்கியப் பிரமுகர்களின் வருகை ஏற்பாடுகளைப் பார்க்கிற துறை அது. சென்னைத் தலைமைச் செயலகத்தில் நடந்த விஷயம். கேட்ட தொகை எவ்வளவு தெரியுமா? 1,950 டாலர், கிரிப்டோ பணமாக. அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கும் குறைவு. ஒரு மாநில அரசின் செயலகம் என்று பார்த்து வைத்த விலையாக இது தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. யார் என்று பார்த்துத் தாக்குகிற கூட்டமும் உண்டு. ஆனால் பெரும்பாலும் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். செயலகக் கதவு திறந்திருந்தால் செயலகம். சிட்கோ தொழிற்பேட்டையில் உங்கள் கதவு திறந்திருந்தால் நீங்கள்.

இந்த வகைக் கொள்ளை பழையது. 1989 டிசம்பரில், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, சுமார் 20,000 ஃப்ளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார்கள். போட்டுப் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர் பிற்பாடு பூட்டிக்கொண்டது. 189 டாலரைப் பனாமா நாட்டு முகவரிக்கு அனுப்பு என்றது. ஆனால் அன்று பூட்டு பலவீனம், பணம் வாங்குகிற வழியும் கடினம். பிட்காயின் வந்த பிறகு பணம் வாங்குவது எளிதாகிவிட்டது. 2013இல் கிரிப்டோலாக்கர் என்ற ரான்சம்வேர் வந்தபோது பூட்டும் பலமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இது உலகம் முழுக்கத் தொழிலாகவே நடக்கிறது.

2017 மே 12. வெள்ளிக்கிழமை. வான்னாகிரை என்ற பெயர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்தில் என்ன நடந்தது? ஒரகடத்தில் ரெனோ நிசான் கார் ஆலை பாதிக்கப்பட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானக் கணினிகளில் சில பூட்டப்பட்டன. வாளையாறைத் தாண்டினால் பாலக்காடு. அங்கே ரயில்வே கோட்ட அலுவலகத்தில் கணினிகள் பூட்டப்பட்டன. கோவையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்!

வான்னாகிரை யாரும் எதையும் க்ளிக் செய்வதற்குக் காத்திருக்கவில்லை. விண்டோஸில் ஃபைல் பகிர்வதற்கென்று இருந்த பழைய வசதியில் ஓர் ஓட்டை. அதன் வழியாக ஒரு சிஸ்டத்திலிருந்து அடுத்த சிஸ்டத்துக்குத் தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது மே 12. நடுவில் இரண்டு மாதம்! அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். "அப்டேட் போட்டால் சிஸ்டம் ஸ்லோ ஆயிடும்" என்று நிறுத்தி வைத்தவர்கள் மாட்டினார்கள்.

சரி, அது பழைய கதை என்று விட்டுவிடலாமா? அடுத்த வருஷமே, 2018 ஆகஸ்ட் 3ஆம் தேதி, தைவானில் டிஎஸ்எம்சி என்ற, பிற நிறுவனங்களுக்குச் சிப் செய்து தருவதில் உலகின் மிகப் பெரிய நிறுவனத்தின் ஆலைகளில் உற்பத்தி நின்றது. காரணம் அதே வான்னாகிரையின் ஒரு வடிவம். எப்படி உள்ளே வந்தது? புதிதாக வாங்கிய ஒரு மெஷினில் வந்தது. வந்த மெஷினை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்துவிட்டார்கள். நஷ்டம் பல கோடி டாலர். இதை இந்த அரங்கத்தில் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே புரியும். உங்கள் பட்டறையில் செகண்ட்ஸில் வாங்கிய விஎம்சி மெஷின் எத்தனை? அதோடு ஒட்டி வந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் எத்தனை? எம்ப்ராய்டரி மெஷினுக்குப் பஞ்சிங் டிசைன் அனுப்புகிற விண்டோஸ் 7 சிஸ்டம் எத்தனை? விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொது ஆதரவு முடிந்துவிட்டது. அந்த மெஷினை மாற்ற முடியாது, கோடி ரூபாய் முதலீடு, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அதை இன்டர்நெட்டிலிருந்தும் அலுவலக லேனிலிருந்தும் பிரித்து வையுங்கள். ப்ரோக்ராமைச் சோதனை செய்த பென் டிரைவில் எடுத்துப் போங்கள். கொஞ்சம் நடை கூடும். கூடட்டும்.

இனி, நம் ஊர்ச் சிஸ்டங்களுக்குள் இது வருகிற வழிகளைப் பார்ப்போம். இரண்டு வழிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் வழி க்ராக், அதாவது காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறக்கிற திருட்டு ஃபைல். மனம் கோணாமல் கேளுங்கள். கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டுடியோ, ஃப்ளெக்ஸ் அடிக்கிற டிடிபி சென்டர், டி-ஷர்ட்டுக்குப் பிரின்ட் டிசைன் போடுகிறவர், கேட் (CAD) டிராயிங் போடுகிற பையன். இவர்களில் காசு கொடுத்து மென்பொருள் வாங்கியவர் எத்தனை பேர்? ஒரு க்ராக் ஃபைலை இறக்குகிறோம். ஜிப்பாக வருகிறது. அதற்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. எதற்கு? உள்ளே என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கு. அதோடு ஒரு குறிப்பு: "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்." நாமும் நிறுத்துகிறோம். காவலை நாமே எடுத்துவிட்டு, அவன் ப்ரோக்ராமை நாமே டபுள் க்ளிக் செய்கிறோம்.

இப்படி வருகிற ரான்சம்வேர் குடும்பம் ஒன்றுக்கு ஸ்டாப் டிஜெவியு என்று பெயர். வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் சின்ன அலுவலகங்களையும் உலகிலேயே அதிகம் பூட்டிய குடும்பங்களில் ஒன்று. அதிகம் மாட்டிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அது ஓடத் தொடங்கியதும் திரையில் விண்டோஸ் அப்டேட் நடப்பது போல ஒரு பொய்யான பெட்டி வரும். நீங்கள் டீ குடிக்கப் போவீர்கள். அந்த நேரத்தில் பின்னால் போட்டோ, பிடிஎஃப், எக்செல், டேலி எல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ என்ற பெயரில் ஒரு நோட்பேட் ஃபைல் முளைக்கும். திறந்தால் 980 டாலர் என்றிருக்கும். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490 டாலர். யோசிக்க விடக் கூடாது, ஆடிட்டரிடமோ போலீஸிடமோ போக விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கெடு.

இன்னொன்றும் நடக்கும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடுகிற வேறொரு ப்ரோக்ராமையும் இது கூடவே இறக்கிவிடுவது உண்டு. ஆகவே ஃபைல் போனது மட்டுமே இழப்பு என்று நினைக்காதீர்கள். உங்கள் மெயில், நெட் பேங்கிங், ஜிஎஸ்டி போர்ட்டல், எல்லாச் சாவியும் அவன் கையில் இருக்கலாம்.

இரண்டாவது வழி, முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டியது. அலுவலகம் குறிச்சியில், வீடு வடவள்ளியில். இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்தே டேலியைப் பார்க்க ஆசை. நியாயமான ஆசை. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறீர்கள். அவர் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போகிறார். பாஸ்வேர்டு? கம்பெனி பெயரும் 123-உம். வேலை முடிந்தது, வீட்டில் டேலி தெரிகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏனுங்க, வீட்டிலிருந்து உங்களுக்குத் தெரிகிற வாசல், வேறு எவருக்கும் தெரியாதா?

ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற எண்ணில் கேட்டுக்கொண்டிருக்கும். இன்டர்நெட் முழுவதும் அந்த எண் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தேடுகிற ப்ரோக்ராம்கள் ஓடுகின்றன. ஒன்றைக் கண்டால் பாஸ்வேர்டுகளை ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்க்கும். மாட்டியதும் மனிதன் உள்ளே வருகிறான். தார்மா, ஃபோபோஸ் என்ற குடும்பங்கள் இப்படி வருபவை. உள்ளே வந்தவன் உடனே பூட்டுவதில்லை. முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துகிறான். பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடி அழிக்கிறான். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கிற பழைய பிரதிகளை ஒரே கட்டளையில் துடைக்கிறான். மற்ற சிஸ்டங்களுக்கு வழி பார்க்கிறான். கடைசியில்தான் பூட்டு. அதற்கும் நேரம் பார்த்துத்தான் வருகிறான்: சனி இரவு, விடுமுறை நாள், பட்டறையில் ஆள் இல்லாத நேரம்.

வீட்டிலிருந்து பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் பாருங்கள், போனுக்கு ஓடிபி வருகிற இரண்டாவது சோதனையோடு பாருங்கள். திறந்த வாசலை இன்றைக்கே மூடச் சொல்லுங்கள்.

மெயில் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். பர்ச்சேஸ் ஆர்டர், கொட்டேஷன், கூரியர் ரசீது என்று வருகிற இணைப்புகள். ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத் தெரியாத பையரிடமிருந்து மெயில் வருவது தினசரி வழக்கம். அதனால்தான் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். எக்செல் திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால், அனுப்பியவருக்கு ஒரு போன் செய்துவிட்டுப் பிறகு அமுக்குங்கள்.

நாம் ஒழுங்காக இருந்தும் அடுத்தவர் வழியாக வருவதும் உண்டு. 2024 ஜூலை கடைசியில், சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தருகிற சி-எட்ஜ் நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியது. பரவாமல் இருக்க, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்த நிறுவனத்தைத் தன் அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. நாடு முழுவதும் சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ இல்லாமல் நின்றார்கள். அந்த வங்கிகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. உங்கள் டேலி சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர், உங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவர் எவ்வளவு பத்திரமாக இருக்கிறார் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

இப்போது முக்கியமான கேள்வி. பூட்டை நாமே ஏன் உடைக்க முடியாது? நாட்டில் இத்தனை கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இருக்கிறார்களே, ஏன் முடியாது?

ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பூட்ட மட்டும்தான் ஆகும். மற்றொன்று திறக்க மட்டும். பூட்டுகிற சாவியைத்தான் அவன் நச்சு நிரலோடு உங்கள் சிஸ்டத்துக்கு அனுப்புகிறான். திறக்கிற சாவி அவனிடமே இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்குள் அது வரவே இல்லை. அப்புறம் உங்கள் கம்ப்யூட்டரில் எங்கே தேடுவது? வங்கிப் பரிவர்த்தனையைக் காப்பாற்றுகிற அதே கணிதத்தைத்தான் அவன் நமக்கு எதிராகத் திருப்பியிருக்கிறான். சரியாக எழுதப்பட்ட ரான்சம்வேரை வலுக்கட்டாயமாக உடைக்க இன்றைய கம்ப்யூட்டர்களால் ஆகாது. யாராவது "நான் உடைத்துத் தருகிறேன், இத்தனை ஆயிரம் கொடுங்கள்" என்றால், எப்படி என்று கேளுங்கள். வெளிநாடுகளில் சில ரெகவரி நிறுவனங்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கொள்ளையனுக்கே பணம் கட்டிச் சாவி வாங்கி, அதன் மேல் லாபம் வைத்து விற்றது 2019இல் அம்பலமானது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2020இல் ஸ்டாப் டிஜெவியு பூட்டைத் திறக்கும் கருவி என்ற பெயரில் ஒரு ப்ரோக்ராம் உலவியது. ஓட்டிப் பார்த்தவர்களின் பூட்டிய ஃபைல்களை அது இரண்டாவது முறை பூட்டியது! ஆகவே யூடியூபில் பார்த்ததை எல்லாம் இறக்காதீர்கள்.

ஆனால் எல்லாப் பூட்டும் சரியாக எழுதப்பட்டதல்ல. இங்கேதான் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. 2016 ஜூலையில் நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளத்தைத் தொடங்கின. கைது செய்த கூட்டங்களிடமிருந்து கிடைத்த சாவிகள், நிரலில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துச் செய்த கருவிகள், எல்லாம் அங்கே இலவசம். பூட்டிய ஃபைல் ஒன்றையும் மிரட்டல் கடிதத்தையும் கொடுத்தால் எந்தக் குடும்பம் என்று சொல்லும். 2016 மே மாதத்தில் டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேர் கூட்டம் கடையைக் கட்டும்போது தலைமைச் சாவியைத் தானே வெளியிட்டது. ஸ்டாப் டிஜெவியுவின் பழைய 148 வகைகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசக் கருவி தந்தது. புதிய வகைகளிலும், பூட்டும் நேரத்தில் கொள்ளையனின் சர்வரோடு தொடர்பு கிடைக்காமல் போயிருந்தால், நிரலுக்குள்ளேயே வைத்திருக்கும், பலருக்கும் பொதுவான சாவியால் பூட்டியிருக்கும். அதைத் திறக்கிற சாவி என்றைக்காவது கிடைத்தால் உங்கள் ஃபைலும் திறக்கும். ஃபோபோஸ் பூட்டு வருஷக்கணக்கில் திறக்காமல் கிடந்தது. 2025 ஜூலையில் ஜப்பான் போலீஸ் அதற்கு இலவசக் கருவி வெளியிட்டது. பூட்டிய டிஸ்க்கை எடுத்து வைத்திருந்தவர் திறந்துகொண்டார். ஃபார்மட் அடித்தவர் என்ன செய்வார்?

இதெல்லாம் தெரிந்த பிறகு, பூட்டு விழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் நெட்வொர்க்கைப் பிரியுங்கள். லேன் கேபிளை உருவுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், ஸ்விட்ச் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாலும் சரி. ஒட்டியிருக்கிற எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைக் கழற்றுங்கள். ஃபைல் பெயர்கள் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தால் பவரையே நிறுத்திவிடுங்கள், மிச்சம் இருப்பதாவது பிழைக்கும். பூட்டி முடித்துவிட்டிருந்தால் சிஸ்டத்தை நிறுத்தாதீர்கள், ரீஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். ஏன் என்றால், வான்னாகிரை வந்தபோது, ரீஸ்டார்ட் செய்யாத சில பழைய விண்டோஸ் சிஸ்டங்களில் நினைவகத்திலிருந்தே சாவியை மீட்க முடிந்தது.

மிரட்டல் கடிதத்தைப் போனில் போட்டோ எடுங்கள். 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் பதியுங்கள். கம்பெனியாக இருந்தால், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் தேதியிட்ட உத்தரவே இருக்கிறது. வெளியே தெரிந்தால் பேர் கெடும் என்று மூடி வைக்கிற பழக்கம் நம் பக்கம் அதிகம். மூடி வைப்பதால், பக்கத்துப் பட்டறைக்காரர் அடுத்த வாரம் அதே வழியில் மாட்டுகிறார்.

அடுத்து, நினைவகத்திலிருந்து சாவி கிடைக்குமா என்று பார்த்த பிறகு சிஸ்டத்தை நிறுத்தி, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். புதிய டிஸ்க் போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். அகற்றுவதற்கு நான் நம்புகிற முறை இதுதான். ஆன்டிவைரஸ் அகற்றும்; ஆனால் கூடவே வந்தது எல்லாவற்றையும் அகற்றியதா என்று நாம் எப்படி நம்புவது? பாஸ்வேர்டுகள் அனைத்தையும் வேறொரு சுத்தமான சிஸ்டத்திலிருந்து மாற்றுங்கள். எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் பேக்கப்பை ஒட்டுங்கள். அவசரப்பட்டு ஒட்டியவர்களின் பேக்கப்பும் பூட்டப்பட்டிருக்கிறது.

பணம் கட்டலாமா? இந்தக் கேள்வி வந்தே தீரும். கட்டாதீர்கள் என்பதே என் பதில். கட்டியவருக்கெல்லாம் சாவி வருவதில்லை. வந்தாலும் எல்லா ஃபைலும் திறப்பதில்லை. கட்டுகிற ஆள் என்று பெயர் வாங்கினால் திரும்ப வருவான். 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன, 1.3 டெராபைட் தரவு. இரண்டு வாரம் போல ஓபி சீட்டைக் கையால் எழுதினார்கள். தரவைப் பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். நாட்டின் தலைமை மருத்துவமனையே கையால் எழுதிச் சமாளித்திருக்கிறது. நாமும் சில நாள் டெலிவரி சலானைக் கையால் எழுதலாம்.

அந்தப் பேக்கப் பற்றித்தான் கடைசியாகப் பேச வேண்டும். 2017 ஜூன் 27ஆம் தேதி நாட்பெட்யா என்று ஒன்று வந்தது. ரான்சம்வேர் வேடம்தான்; பணம் கட்டினாலும் திறக்கவே முடியாதபடி எழுதப்பட்டது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு சரக்கு முனையம் நின்றுபோனது. அந்த முனையத்தை நடத்தியது மேர்ஸ்க் குழுமம். உலகெங்கும் கன்டெய்னர் ஓட்டுகிற அந்த நிறுவனத்தில் எல்லாம் போயின. பயனர் கணக்குகளை ஆளுகிற சர்வர்கள் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று மற்றொன்றுக்குப் பேக்கப் என்று வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்ததால் எல்லாம் ஒன்றாக அழிந்தன. தேடித் தேடிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது, ஆப்பிரிக்காவில், கானா நாட்டில். எப்படிப் பிழைத்தது? தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! கரண்ட் இல்லாததால் அந்த சர்வர் நெட்வொர்க்கில் இல்லை. அந்த ஒரு டிஸ்க்கை விமானத்தில் லண்டனுக்குக் கொண்டுவந்து, அதை வைத்துத்தான் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் மீண்டும் எழுப்பினார்கள்.

மின்வெட்டு என்றால் என்ன என்று கோவைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012ஐ ஒட்டிய வருஷங்களில் மின்வெட்டால் நாம் பட்ட பாடு இந்த அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கானாவின் மின்வெட்டு செய்த வேலையை நாம் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். பேக்கப் எடுத்த டிஸ்க் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கக் கூடாது. டேலி பேக்கப்பை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைக்கிறீர்களா? அது பேக்கப் அல்ல. சி டிரைவோடு சேர்ந்து அதுவும் பூட்டப்படும். பக்கத்து சிஸ்டத்தின் ஷேர் ஃபோல்டரில் வைத்தாலும் அதே கதி. கூகுள் டிரைவில் தானாக ஏறும்படி வைத்திருந்தால், பூட்டிய ஃபைலும் தானாகவே ஏறும். பழைய பிரதியை அங்கிருந்து மீட்க முடியலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு.

இரண்டு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று. எடுத்து முடித்ததும் கழற்றி, ஒன்றை அலுவலகப் பீரோவிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். மாதம் ஒரு முறை வேறொரு கம்ப்யூட்டரில் ஒட்டி, டேலி உண்மையிலேயே திறக்கிறதா, போன மாத எண்ட்ரி இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் பார்க்கிற தங்கச்சியிடம் இந்த வேலையைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் லீவு போட்டால் யார் செய்வது என்றும் சொல்லிவிடுங்கள்.

இந்த அரங்கத்தில் ஏற்கெனவே மாட்டியவர்கள் சிலர் இருப்பீர்கள். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த டிஸ்க் இன்னும் உங்கள் அலமாரியில் கிடந்தால் ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். அன்றைக்குத் திறக்கவில்லை என்பதால் இன்றைக்கும் திறக்காது என்று முடிவு கட்டாதீர்கள். பூட்டிய ஃபைல் ஒன்றையும் அந்தக் கடிதத்தையும் நோ மோர் ரான்சம் தளத்தில் மறுபடியும் கொடுத்துப் பாருங்கள். செலவு ஒரு பைசா கிடையாது. இல்லை என்று வந்தால், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள்.